கப்பல் ஓட்டியவர் சட்டசபைக்குப் போனார்

ஒருவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் தண்டனை. இப்படி ஒரு சட்டம் இருந்தது என்றால் நம்புவீர்களா?

இருந்தது. அமெரிக்காவின் தென்கிழக்கில் சவுத் கரோலினா என்று ஒரு மாநிலம் உண்டு. கடலோர மாநிலம். அங்கே 1834-ல் அந்தச் சட்டம் போட்டார்கள். அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. வெள்ளைக்காரர் சொல்லிக் கொடுத்தால் அபராதம், சிறை. கறுப்பினத்தவர் சொல்லிக் கொடுத்தால் கசையடி. ஐம்பது அடி வரை அடிக்கலாம்.

அடிமைகள் என்றால் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து விற்கப்பட்ட மக்கள். அவர்களுடைய பிள்ளைகள். பேரப் பிள்ளைகள். ஆடு மாடு போல அவர்களை விற்கலாம், வாங்கலாம். அவர்கள் உழைத்தால் கூலி எஜமானுக்கு. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையும் எஜமானுக்குச் சொந்தம்.

அந்த மாநிலத்தில், அந்தச் சட்டம் வந்த ஐந்தாவது ஆண்டில், ஓர் அடிமைத் தாய்க்கு ஒரு மகன் பிறந்தான். அவன் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். பின்னாளில் அதே மாநிலத்தின் சட்டசபையில் உட்கார்ந்தவர் அவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று அங்கே போராடியவர்.

லிடியாவின் மகன்

ராபர்ட் பிறந்தது 1839 ஏப்ரல் 5 அன்று. ஊர் பியூஃபர்ட். எஜமான் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் குடிசையில் பிறந்தார். தாய் பெயர் லிடியா. அவர் எஜமான் வீட்டுக்குள் வேலை செய்தார். வயலில் வேலை செய்தவர்களைவிட அவருக்குக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. மகனையும் எஜமான் செல்லமாகவே வைத்திருந்தார்.

அதுதான் லிடியாவுக்குப் பயம். இந்தச் செல்லத்தில் மகன் தான் யார் என்பதை மறந்துவிடுவானோ என்று நினைத்தார். அடிமைகளைக் கட்டி வைத்து அடிக்கும் இடத்துக்கு மகனைக் கூட்டிப் போய்க் காட்டினார் என்று சொல்வார்கள். பெற்ற தாய் இப்படிச் செய்வாளா என்று தோன்றும். யோசித்துப் பார்த்தால், அந்தத் தாய் கொடுத்த முதல் பாடம் அதுதான்.

பன்னிரண்டு வயதில் ராபர்ட்டை சார்ல்ஸ்டன் நகரத்துக்கு அனுப்பினார்கள். அது பெரிய துறைமுகம். அங்கே ஓட்டலில் பரிமாறினார். தெரு விளக்கு ஏற்றினார். பிறகு துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கினார். பாய் தைத்தார். கப்பலில் ஏறி எல்லா வேலையும் கற்றார். கூலியை எஜமான் வாங்கிக்கொள்வார். ராபர்ட் கையில் வாரத்துக்கு ஒரு டாலர் மட்டும் நிற்கும்.

1856-ல் ஹன்னா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹன்னா ஓட்டலில் வேலை செய்த அடிமைப் பெண். ராபர்ட்டைவிட வயதில் மூத்தவர். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையும் ஹன்னாவின் எஜமானுக்குத்தான் சொந்தம். மனைவியையும் குழந்தையையும் விலை கொடுத்து மீட்கலாமா என்று ராபர்ட் கேட்டார். 800 டாலர் என்றார் அவர். வாரத்துக்கு ஒரு டாலர் மிஞ்சும் மனிதருக்கு 800 டாலர் எந்தக் காலத்தில் சேரும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 52 வாரம்.

1862 மே 13, விடியற்காலை

1861-ல் அமெரிக்காவுக்குள்ளேயே போர் மூண்டது. அடிமை முறையை விட மாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்து போயின. முதலில் பிரிந்தது சவுத் கரோலினாதான். வட மாநிலங்களின் அரசு அதை ஏற்கவில்லை. வடக்கின் போர்க்கப்பல்கள் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் வந்து நின்றன. உள்ளே வரவும் விடவில்லை, வெளியே போகவும் விடவில்லை.

ராபர்ட் அப்போது 'பிளான்ட்டர்' என்ற நீராவிக் கப்பலில் வேலை பார்த்தார். தெற்குப் படைக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் கப்பல் அது. சுக்கான் பிடிப்பவர் ராபர்ட். சுக்கான் என்றால் கப்பலைத் திருப்பும் கருவி. துறைமுகத்தில் எங்கே ஆழம், எங்கே மணல் திட்டு என்பது அவருக்கு மனப்பாடம்.  கண்ணால் பார்த்துப் படித்ததுதான் எல்லாம்.

கப்பலில் மூன்று வெள்ளை அதிகாரிகள். மற்றவர்கள் அடிமைகள். மே 12 அன்று கப்பலில் நான்கு பெரிய பீரங்கிகளை ஏற்றினார்கள். மறுநாள் ஒரு கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அன்று இரவு மூன்று அதிகாரிகளும் கரையில் தூங்கப் போய்விட்டார்கள். இரவில் கப்பலை விட்டுப் போகக் கூடாது என்பது உத்தரவு. அடிமைகள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தார்கள் போலும்.

ராபர்ட் இந்த இரவுக்காகவே காத்திருந்தார். கூட வேலை செய்தவர்களிடம் முன்பே பேசி வைத்திருந்தார். பிடிபட்டால் சரணடைவதில்லை, கப்பலை மூழ்கடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். விடியற்காலை மூன்று மணி அளவில் கொதிகலனை மூட்டினார்கள். கப்பலை நகர்த்தினார்கள். வேறொரு படகுத்துறையில் பெண்களும் குழந்தைகளும் காத்திருந்தார்கள். ஹன்னாவும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் பதினாறு பேர் அளவில் இருந்தார்கள்.

வழியில் ஐந்து இடங்களில் தெற்குப் படையின் கோட்டைகளும் காவல்களும். ஒவ்வொன்றையும் கடக்கும்போது சங்கு ஊத வேண்டும். ஊதும் முறை தெரியாவிட்டால் சுட்டுவிடுவார்கள். ராபர்ட்டுக்கு அந்த முறை தெரியும். கேப்டன் வழக்கமாகப் போடும் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கேப்டனைப் போலவே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் கேப்டன் நிற்பது போலவே இருக்கும்.

கடைசிக் கோட்டை சம்டர். அதுதான் பெரியது. ஓடிவிடலாம் என்று மற்றவர்கள் பதறினார்கள். ராபர்ட் வேகத்தைக் கூட்டவில்லை. தினமும் போகிற கப்பல் போலவே போனார். இரண்டு நீண்ட ஊதல், ஒரு குறுகிய ஊதல். கோட்டைக் காவலர்கள் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். பீரங்கி எட்டாத தூரம் போனதும் தெற்கின் கொடியை இறக்கினார்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள்.

அதற்குள் இன்னோர் ஆபத்து. வடக்கின் போர்க்கப்பல் ஒன்று இவர்களை எதிரி என்று நினைத்துச் சுடத் தயாராகிவிட்டது. நல்ல வேளையாகச் சூரியன் எழுந்தது. வெள்ளைத் துணி கண்ணில் பட்டது. சுடவில்லை.

அப்போது ராபர்ட்டுக்கு வயது 23. கப்பல், பீரங்கிகள், எதிரியின் சைகைப் புத்தகம், இத்தனையும் வடக்குப் படைக்குக் கிடைத்தன. ஒரு தீவைத் தெற்குப் படை காலி செய்துவிட்ட செய்தியையும் ராபர்ட் சொன்னார். சில நாட்களில் வடக்குப் படை அங்கே இறங்கியது. அவருக்கு 1,500 டாலர் பரிசு கொடுத்தார்கள். அது போதாது என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். 1900-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் இன்னும் கொஞ்சம் கொடுத்தது. 38 ஆண்டுகள் கழித்து!

போர் முடியும்வரை அவர் வடக்குப் படைக்குக் கப்பல் ஓட்டினார். 1863-ல் ஒரு சண்டையில் வெள்ளைக் கேப்டன் பயந்துபோய் நிலக்கரி அறைக்குள் ஒளிந்துகொண்டார். ராபர்ட் கப்பலைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். அதன் பிறகு பிளான்ட்டருக்கு அவரையே கேப்டன் ஆக்கினார்கள்.

இருபத்தைந்து வயதில்

1864-ல் பிளான்ட்டரைப் பழுது பார்க்க ஃபிலடெல்ஃபியா நகரத்துக்குக் கொண்டு போனார்கள். வேலை பல மாதம் இழுத்தது. ராபர்ட் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது.

கப்பல் கேப்டன். பெயர் பத்திரிகைகளில் வந்துவிட்டது. அந்தப் பத்திரிகையில் தன் பெயர் எது என்று அவருக்குத் தெரியாது. இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? வெட்கப்பட்டு மறைக்கவில்லை. தன் காசில் வாத்தியார் வைத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. வீட்டில் மகள், மகளுக்கும் பாடம், அப்பாவுக்கும் பாடம்.

அதே நகரத்தில் ஒரு நாள் டிராம் வண்டியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்து வெளியே நில் என்றார்கள். அவர் இறங்கி நடந்தே போனார். அடிமை முறை இல்லாத வட மாநிலத்தில் நடந்தது இது. செய்தி பரவியது. போர் வீரனுக்கே இந்தக் கதியா என்று பலர் எதிர்த்துப் பேசினார்கள். 1867-ல் அந்த மாநிலத்தில் இப்படி ஒதுக்குவதைத் தடுத்துச் சட்டம் வந்தது.

பிறந்த வீடு ஏலத்தில்

பியூஃபர்ட்டில் அந்த வீட்டின் சொந்தக்காரர்கள் போரில் ஊரை விட்டு ஓடியிருந்தார்கள். வீட்டு வரி கட்டவில்லை. அரசு வீட்டை ஏலம் விட்டது. ராபர்ட் அதை வாங்கினார். எந்த வீட்டின் பின்பக்கக் குடிசையில் பிறந்தாரோ, அந்த வீட்டின் முன்வாசல் வழியாகத் தாய் லிடியாவை அழைத்துப் போனார். பழைய சொந்தக்காரர் தரப்பில் வழக்குப் போட்டார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1878-ல் ராபர்ட் பக்கம் தீர்ப்பானது.

பழைய எஜமானின் மனைவி வயதான காலத்தில் புத்தி தடுமாறி அந்த வீட்டுக்கு வந்ததாகவும், ராபர்ட் அவரை உள்ளே வைத்துச் சோறு போட்டதாகவும் அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள்.

சட்டம் எழுதும் இடத்தில்

1865-ல் போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. தென் மாநிலங்கள் புதிதாக அரசியல் சாசனம் எழுத வேண்டும் என்று நாடாளுமன்றம் சொன்னது. அரசியல் சாசனம் என்றால் எல்லாச் சட்டங்களுக்கும் தாய்ச் சட்டம். அதை எழுதும் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கறுப்பின ஆண்களும் ஓட்டுப் போட்டார்கள். பெண்களுக்கு, கறுப்பரோ வெள்ளையரோ, ஓட்டு இல்லை. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1920-ல். ஹன்னா 1883-லேயே இறந்துவிட்டார். உயிரைக் கையில் பிடித்துக் கப்பல் ஏறிய அந்தப் பெண் ஒரு தடவைகூட ஓட்டுப் போடவில்லை.

1868 ஜனவரியில் சார்ல்ஸ்டனில் சபை கூடியது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள் பலர். ராபர்ட் அங்கே கேட்டது ஒன்று: பள்ளிக்கூடம். மாநிலம் முழுவதும் இலவசப் பள்ளி. எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் வர வேண்டும். பணக்காரர் பிள்ளை, ஏழை பிள்ளை, கறுப்பு, வெள்ளை என்று பார்க்கக் கூடாது. புதிய சாசனத்தில் இது எழுதப்பட்டது.

அதற்கு முன் அங்கே ஏழை வெள்ளையர் பிள்ளைகளுக்குக்கூட ஒழுங்கான பள்ளி கிடையாது. ஆக, ராபர்ட் கேட்ட பள்ளி அவர்களுக்கும் சேர்த்துத்தான். இதைப் பலர் மறந்துவிட்டார்கள். அவர் பேசியதோடு நிற்கவில்லை. சபை கூடுவதற்கு முந்திய ஆண்டே, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்காகத் தன் ஊரில் ஒரு மாடிக் கட்டிடம் வாங்கினார்.

1868-ல் அவர் மாநிலச் சட்டசபைக்குப் போனார். 1870-ல் மேல்சபைக்குப் போனார். பிறகு 1875 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தில், தோற்றும் ஜெயித்தும், ஐந்து தடவை இடம் பெற்றார்.

அவர்மேல் ஒரு வழக்கும் உண்டு. அதை விட்டுவிட்டுக் கதை சொல்வது சரியாகாது. மேல்சபையில் இருந்தபோது அச்சு வேலை ஒப்பந்தத்துக்காக 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்றார்கள். 1877-ல் மூன்று ஆண்டு சிறை என்று தீர்ப்பானது. முக்கிய சாட்சி அதே ஒப்பந்தத்தில் மாட்டியிருந்த ஆள். வழக்குப் போட்டது ராபர்ட்டின் எதிரிகள் ஆட்சிக்கு வந்த பிறகு. 1879-ல் கவர்னர் அவரை மன்னித்தார். அதற்குப் பதிலாக எதிர்த்தரப்பார் மேலிருந்த தேர்தல் வழக்குகள் கைவிடப்பட்டன. இது பழிவாங்கல் என்றே எனக்குப் படுகிறது. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

எட்டுப் பெட்டிகள்

அந்த மாநிலத்தில் கறுப்பின மக்கள்தான் அதிகம். அவர்கள் ஓட்டுப் போட்டால் பழைய எஜமான்கள் ஆட்சிக்கு வர முடியாது. முதலில் துப்பாக்கியால் மிரட்டினார்கள். 1876-ல் ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு எழுத்தையே ஆயுதமாக எடுத்தார்கள்.

1882-ல் ஒரு சட்டம். வாக்குச்சாவடியில் எட்டுப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் பதவியின் பெயரை எழுதியிருப்பார்கள். சரியான சீட்டைச் சரியான பெட்டியில் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஓட்டு செல்லாது. படிக்கத் தெரிந்தவர் பார்த்துச் சொல்லிக் கொடுத்தால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பெட்டிகளை அடிக்கடி இடம் மாற்றி வைத்தார்கள்.

நம் நாட்டையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1951-52-ல் நடந்த நம் முதல் பொதுத் தேர்தலிலும் வாக்குச்சாவடியில் பல பெட்டிகள் இருந்தன. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். ஏன்? எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக. அங்கும் பெட்டி, இங்கும் பெட்டி. அங்கே வடிகட்ட, இங்கே சேர்த்துக்கொள்ள. வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கேயும் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தார்கள். 1950-ல் நம் அரசியல் சாசனம் அதை எடுத்துவிட்டது.

1895-ல் சவுத் கரோலினாவில் மறுபடி சாசனம் எழுதக் கூடினார்கள். 160 பேர். அதில் கறுப்பினத்தவர் ஆறே பேர். ராபர்ட் அவர்களில் ஒருவர். வயது 56. புதிய சாசனம் சொன்னது இது: ஓட்டு வேண்டும் என்றால் சாசனத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டு. படிக்கத் தெரியாவிட்டால், நாங்கள் படிப்போம், அர்த்தம் சொல்லு. சரியா தப்பா என்று சொல்பவர் அதிகாரி. அதிகாரி வெள்ளைக்காரர். படிக்காத வெள்ளைக்காரர் தேறிவிடுவார். படித்த கறுப்பர்கூடத் தேற மாட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது 300 டாலர் சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள். முதலில் படிக்கக் கூடாது என்று சட்டம். பிறகு படிக்கவில்லை, அதனால் ஓட்டு இல்லை என்று சட்டம். இரண்டையும் எழுதியது ஒரே கூட்டம்.

ராபர்ட் எழுந்து பேசினார். இது எங்கள் ஓட்டைப் பறிக்கும் தந்திரம் என்று நேருக்கு நேர் சொன்னார். கேட்பார் இல்லை. கடைசியில் சாசனத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். கையெழுத்துப் போடாதவருக்கு வழிச் செலவு தரக் கூடாது என்று பேச்சு வந்தது. கையெழுத்துப் போடுவதைவிட ஊருக்கு நடந்தே போவேன் என்று அவர் சொன்னதாகச் சொல்கிறார்கள். இருபத்தைந்து வயதில் கஷ்டப்பட்டுக் கற்ற கையெழுத்து அது.

அவர் தோற்றார். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பள்ளி என்றும் அதே சாசனம் எழுதியது. ஓட்டுக்குப் படிப்புச் சோதனை வைக்கும் வழக்கத்தை 1965-ல் வந்த சட்டம் அந்த மாநிலத்தில் நிறுத்தியது. 1975-ல் நாடு முழுவதும் நிரந்தரமாகத் தடை வந்தது. ராபர்ட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் 1915 பிப்ரவரி 23 அன்று இறந்தார். ஏலத்தில் வாங்கிய அதே வீட்டில்.

2023-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க்கப்பலின் பெயரை மாற்றியது. பழைய பெயர், தெற்குப் படை ஜெயித்த ஒரு போரின் பெயர். புதிய பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

கூடிப் பேசுங்கள்

லிடியா மகனை அடிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனது சரியா? உங்கள் வட்டத்தில் தாய்மார்கள் என்ன சொல்கிறார்கள்?

ஓட்டுப் போடும் எந்திரத்தில் வேட்பாளர் பெயரும் சின்னமும் இருக்கின்றன. இப்போது நீங்கள் பெயரைப் படிக்கிறீர்களா, சின்னத்தைப் பார்க்கிறீர்களா?

படிக்காதவருக்கு ஓட்டு வேண்டாம் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஐந்து வரியில் நோட்டில் எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.